முதுகுக்குப் பின்னால் இருந்த ஊர்

மாட்சுயே, செப்டம்பர் 12

அண்ணாவுக்குத் தங்கை சிகுசா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கே வடகோடி நெமுரோவில் அண்ணி இதற்குள் கணப்பை மூட்டியிருப்பார்கள். அவர்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் இடுப்பு வலி தேவலையா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பீர்கள். பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. குரல் நாணின் மேல் சின்னதாக ஒரு முண்டு. போன வாரம் எடுத்துவிட்டார்கள். முப்பது வருஷமாக டூரிஸ்ட் பஸ்ஸில் மைக் பிடித்துக் கத்துகிறவளுக்குத் தொண்டை காய்த்துப்போகாமல் வேறு எது காய்க்கும்? நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அது இல்லை. உங்களிடம் இருப்பதோ தோஃபுக் கடையில் அந்த ஒரு பழைய போன். செய்தி அனுப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆகவே கடிதம்.

வீட்டில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும் என்று ஆபீசுக்குப் போனேன், கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "வாய் இல்லாட்டி என்ன, கண்ணும் கையும் இருக்கில்ல?" என்றார். வசந்தத்தில் புதிதாக இரண்டு நாள் சுற்றுலா விடப்போகிறார்கள். மாட்சுயே, ஏரி, இசுமோ, கடற்கரை, டைசென் மலை. நான் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து, பஸ்ஸில் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் திரும்பும்வரை கோஹாரு என்ற புதுப் பெண் அதைப் பேசுவாளாம். திரும்பும்வரை என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

சிகுசா

நெமுரோ, செப்டம்பர் 25

சிகுசாவுக்கு அண்ணன் தொகுஜி. நாங்கள் சுகம். முழங்கால் மழைக்கு முன்பே சேதி சொல்லுகிறது, வானொலி வேண்டியிருக்கவில்லை. இடுப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

அப்பாவுக்கும் 'சின்ன முண்டு' என்றுதான் சொன்னார்கள். சகாய்மினாதோ மீன் ஏலத்தில் அவர் குரலுக்குத் துறைமுகமே திரும்பிப் பார்க்கும். அடுத்த நண்டு சீசனில் அந்த ஆளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. நீ அப்போது சின்னப் பெண். ஆஸ்பத்திரியில் கிடந்து பார்த்தவன் நான்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? அதை மட்டும் எழுது. ஒரு வரி போதும். உன் அண்ணி, "நல்ல விஷயமா நாலு வார்த்த எழுதுங்களேன், அவளே பயந்து கெடப்பா" என்கிறாள். நல்ல விஷயம் எதுவும் இப்போது தோன்றவில்லை. இந்த வருஷம் கடலில் மீனும் சரியாகப் படவில்லை.

ஆசீர்வாதம்.
தொகுஜி

மாட்சுயே, அக்டோபர் 8

அண்ணா, இங்கே காற்றில் குளிர் தட்டுகிறது, சீமைப்பனிச்சை மரங்களில் பழம் சிவந்துவிட்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சதையை அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அனுப்புவார்களாம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தேன், முன் சீட்டில், முகம் ரோட்டைப் பார்க்க. எங்கள் டிரைவர் ககேயாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருஷமும் நான் முன்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்து நின்றவள். ஏரி வந்துவிட்டது என்பது எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஊர் எனக்குப் பின்னால் வந்து, என்னைத் தாண்டி, பஸ்ஸின் பின்கண்ணாடியில் சின்னதாகப் போய்விடும். எல்லாவற்றையும் போன பிறகுதான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஷிஞ்ஜி ஏரி எதிரே வருகிறது அண்ணா. வளைவு திரும்பியதும் தண்ணீர் முழுசாக வந்து நிற்கிறது. காலையில் சிப்பி அள்ளும் படகுகள், நீளக் காம்புக் கூடையைத் தண்ணீருக்குள் விட்டு இழுக்கிற ஆட்கள், பைன் மரங்களோடு அந்தக் குட்டித் தீவு. நான் ஆயிரம் தடவை "அழகைப் பாருங்கள்" என்று சொல்லிய இடம். சொல்லியிருக்கிறேனே தவிரப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. சொல்ல வாயும் இல்லை. நன்றாக உட்கார்ந்து பார்த்தேன்.

வெந்நீர் குடியுங்கள். நானும் குடிக்கிறேன்.

சிகுசா

நெமுரோ, அக்டோபர் 19

சிகுசாவுக்கு. நாங்கள் சுகம். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது.

ஏரி நன்றாக இருக்கட்டும். அது எங்கும் போய்விடாது. பரிசோதனை என்ன ஆயிற்று?

தொகுஜி

மாட்சுயே, நவம்பர் 9

அண்ணா, பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அண்ணியின் முழங்காலுக்குப் பட்டி வாங்கி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

இங்கே ஒரே சிரிப்பு. நான் எழுதிக் கொடுத்ததை வைத்துக் கோஹாரு ஒத்திகை பார்த்தாள். ஆபீஸ் ஆட்களையே பயணிகளாக ஏற்றிக்கொண்டு இசுமோ ரோட்டில் போனார்கள். அவள் மைக்கைப் பிடித்து, "இப்ப எல்லாரும் உங்க இடது பக்கம் பாருங்க, பெரியோர்களே, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும்..." என்று ராகம் போட்டாள். பஸ் முழுக்க இடது பக்கம் திரும்பியது. அங்கே ஒரு பல் டாக்டரின் விளம்பரப் பலகை. ஏரி வலது பக்கம் கிடக்கிறது. ககேயாமா சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

தப்பு என்னுடையது. பயணிகளைப் பார்த்து நிற்கிற எங்களுக்கு அவர்கள் வலது எங்கள் இடது கை. வலது என்று சொல்லி இடது கையைத் தூக்கியே பழகியவள் நான். முன்னால் திரும்பி உட்கார்ந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. எழுதியது முழுக்கத் தலைகீழ். கோயிலைக் கடலில் போட்டிருக்கிறேன், கலங்கரை விளக்கத்தை வயலில் நட்டிருக்கிறேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன்.

நண்டு சீசன் தொடங்கிவிட்டது. பட்டியலில் இல்லாவிட்டாலும் சகாய்மினாதோவுக்கும் போய் வந்தேன். ஏலக் கூடத்தில் தரையெல்லாம் வரிசையாக நண்டு, மல்லாக்கப் போட்டிருந்தார்கள். ஏலம் போடுகிறவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். நல்ல குரல். அப்பா நின்ற அதே தூணுக்குப் பக்கத்தில் நின்று கூவினான். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வந்தேன். பெரிய நண்டு ஒன்று வாங்கி, அதைச் சாப்பிட மனமில்லாமல் ககேயாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

குளிரில் வெளியே நிற்காதீர்கள்.

சிகுசா

நெமுரோ, நவம்பர் 18

சிகுசா,

முழங்காலும் இடுப்பும் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று தாள் எழுதியிருக்கிறாய். நண்டு மல்லாக்கக் கிடந்ததுவரை எழுதியிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் இல்லை. அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டு, "நண்டை வேண்டாம்னு குடுக்கிறவளா உங்க தங்கச்சி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். 

உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தக் கோஹாரு எடுத்தாள். "சிகுசாக்காவா? அவங்க ரெண்டாவது ஆபரேஷனுக்குப் போயிருக்காங்களே" என்றாள். அப்புறம் "ஐயையோ, சொல்லக் கூடாதுன்னு எழுதிக் காட்டினாங்க" என்று அழப்போனாள். அவளை நீ திட்டாதே. இருக்கிறதிலேயே நேர்மையானவள் அவள்தான்.

நீ நினைப்பது புரிகிறது. அண்ணனுக்கு வயதாகிவிட்டது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து தவிப்பான், எதற்குச் சொல்ல வேண்டும் என்று. சொல்லாவிட்டால் மட்டும் நான் தவிக்கவில்லையா? ஏரியும் மலையும் எனக்கு எழுதாதே. தொண்டையை எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது சிகுசா. உனக்கும் பயமாக இருந்தால் அதை எழுது. இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்.

தொகுஜி

மாட்சுயே, டிசம்பர் 6

அண்ணா,

நலம் விசாரிக்கும் தைரியம் வரவில்லை, நேராக எழுதிவிடுகிறேன். முதல் பரிசோதனையில் ஐயப்படுகிற மாதிரி செல்கள் இருந்தன. புற்று என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். உங்களுக்கு நண்டைப் பற்றி எழுதி, அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடுத்தாகிவிட்டது. முடிவு இரண்டு வாரத்தில் வரும்.

பயமாக இருக்கிறது அண்ணா. மிகவும் பயமாக இருக்கிறது. ஏலக் கூடத்துக்குப் போனதும் அதனால்தான்.

இது இசுமோவில் தெய்வங்கள் கூடுகிற வாரம், உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டில் மற்ற எல்லாத் தெய்வங்களும் தங்கள் ஊரை விட்டுவிட்டு நம் பக்கம் வந்து, யாருக்கு யார் என்று பேசி முடிவு செய்கிற வாரம். கூட்டம் கலையும்வரை ஊரில் பாட்டு இல்லை, கல்யாணம் இல்லை, வீடு கட்டுகிறவன் சுத்தியலைக் கீழே வைத்துவிடுகிறான். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் நான் அங்கே போய்த் தங்கினேன். தங்குமிடத்து அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கடையிலும் அப்படித்தான், பஸ் நிறுத்தத்திலும் அப்படித்தான். மூன்று மாதமாகச் சிலேட்டைக் கட்டிக்கொண்டு அலைந்த எனக்கு, ஒரு ஊரே என்னோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. அழுகை வந்தது, அதையும் சத்தமில்லாமல் அழுதேன்.

நெமுரோத் தெய்வங்களும் இங்கேதான் இருக்கின்றன. அங்கே நீங்கள் கும்பிட்டுப் பயனில்லை, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற கதைதான். நானே இங்கே உங்கள் பங்கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டேன்.

சிகுசா

மாட்சுயே, டிசம்பர் 19

அண்ணா, அண்ணி,

ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. எடுத்த ஓரமெல்லாம் நல்ல சதை என்று டாக்டர் காகிதத்தைத் திருப்பி என்னிடமே காட்டினார். "அழலாம், ஆனா சத்தம் வரக்கூடாது" என்றார். ஏரிக் கரையில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.  

சிகுசா

நெமுரோ, ஜனவரி 7

சிகுசாவுக்கு, புது வருஷம் நல்லபடியாகப் பிறந்ததில் மகிழ்ச்சி. அண்ணிக்கு நீ அனுப்பிய பட்டி சரியாகப் பொருந்துகிறது. என் இடுப்பும் பயந்து அடங்கிவிட்டது போலிருக்கிறது.

பதில் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் தாள் நனைந்துவிட்டது. நாலு தாள் வீண். உன் கடிதம் வந்த அன்று காலை சோயாப் பாலைக் காய்ச்சிவிட்டு, உறை உப்பு போட மறந்துவிட்டேன். நாற்பது வருஷத் தொழிலில் நடக்காத காரியம். பால் பாலாகவே நின்றது. ஒரு கட்டி தோஃபு இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் பாலை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அண்ணி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி உங்க வயித்துல பால வார்த்தா, நீங்க ஊரு வயித்துல வார்க்கிறீங்களா?" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் அதை எழுதக் கூடாதாம்.

இனிமேல் நீ ஏரியை எழுதலாம். எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

தொகுஜி

மாட்சுயே, ஜனவரி 29

அண்ணா, இங்கே பனி பெய்து பெய்து கோட்டைக் கூரை வெள்ளையாகிவிட்டது. உங்கள் ஊர்ப் பனியோடு ஒப்பிட்டால் மாவு சலித்த மாதிரி, சிரிக்காதீர்கள்.

உயிர் பிழைத்தவள் அடுத்துக் குரலைக் கேட்கிறேன், பேராசைதான். பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே இருக்கிற அம்மா என்னைக் கண்ணாடிக் குழாயால் தண்ணீருக்குள் ஊதச் சொல்கிறாள், முனகச் சொல்கிறாள். வருவது என் குரல் இல்லை. துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம். பயிற்சிக்கு வெளியே இன்னும் பேச்சுக் கிடையாது. டாக்டர் "நல்லா வருது" என்கிறார். அந்த அம்மாவும் "நல்லா வருது" என்கிறாள். எல்லா நோயாளியிடமும் அதைத்தான் சொல்கிறார்கள், பக்கத்து அறையில் சொல்வது எனக்குக் கேட்கிறது.

மேலாளர் நேற்று மிகவும் மரியாதையாகப் பேசினார், அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. புது வழித்தடத்துக்குக் கோஹாருவையே நிரந்தரமாகப் போட்டுவிடலாமா, நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாமே என்றார். கோஹாரு என்னைக் கழிவறைப் பக்கம் இழுத்துப்போய், "எனக்கு வேணாங்கா, நீங்க வந்துடுங்க, எனக்கு எந்தப் பக்கம் வலதுன்னே மறந்துபோச்சு" என்றாள். நல்ல பெண். ஆனால் அவள் வேண்டாம் என்பதால் எனக்குக் குரல் வந்துவிடாது. அந்த வேலையைக் கேட்கலாம் என்றால், எதை வைத்துக் கேட்பது? ஆபீஸ் நாற்காலி என்றால் நான் செத்துவிடுவேன் அண்ணா.

மனசு சரியில்லாமல் டைசென் மலைக்குப் போனேன். யோனாகோ பக்கமிருந்து பார்த்தால் படம் போட்ட மாதிரி வழுவழுப்பான மலை, பயணிகளுக்கு அதைத்தான் காட்டுவோம். ககேயாமா தன் சொந்த வண்டியில் என்னை ஏற்றி, பனி ஒதுக்கிய வரைக்கும் தெற்கே சுற்றி அழைத்துப் போனார். அந்தப் பக்கம் அதே மலை பிளந்து சரிந்து, பாறை தெரியக் கிடக்கிறது. எனக்கு அந்தப் பக்கம்தான் பிடித்தது. அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

சிகுசா

நெமுரோ, பிப்ரவரி 17

சிகுசா,

நீ சுகம் என்று தெரியும். எப்படித் தெரியும் என்றுதான் எழுதப்போகிறேன். தபாலாபீசில் விரைவுத் தபால் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலை கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போன் அடித்தது. கனத்த குரல் ஒன்று, ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை, "நான்தான்... நான்தான் பேசறேன்" என்றது. உனக்கே தெரியும், கிழவர்களைக் கூப்பிட்டு 'நான்தான்' என்று சொல்லி, மகன் மாதிரியோ பேரன் மாதிரியோ நடித்துப் பணம் பறிக்கிற கூட்டம். போலீஸ்காரர் அதற்காக நோட்டீசே கொண்டுவந்து எங்கள் போனுக்கு மேல் ஒட்டியிருக்கிறார். பக்கத்துத் தெரு மீன்கடைக்காரர் போன மாதம் ஏமாந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"எந்த நான்தான்டா நீ? வெக்கமா இல்ல? அங்க என் தங்கச்சி அஞ்சு மாசமா வாயத் தொறக்க முடியாம கெடக்கா. உனக்கு சாமி இவ்வளவு நல்ல தொண்டையக் குடுத்திருக்கு, அத வச்சுத் திருடவா செய்யுற?" என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் படாரென்று வைத்துவிட்டேன்.

அண்ணி யாரென்று கேட்டாள். திருடன் என்றேன். "திட்டு வாங்கிட்டுச் சிரிச்சு அழுவுற திருடன் எந்த ஊர்ல இருக்கான்?" என்றாள். தோஃபு வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் எண்ணுக்கு எத்தனை தடவை அடித்தேன் தெரியுமா? எடுக்கவில்லை. கோபமா? அண்ணனை மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். என்ன சத்தம் வந்தாலும் வைக்க மாட்டேன்.

தொகுஜி

மாட்சுயே, பிப்ரவரி 20

அண்ணா, கரையில் பிளம் மரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும், கடையில் கைதட்டியவர்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கோபமெல்லாம் இல்லை. அன்றுதான் பயிற்சி அறைக்கு வெளியே பேச முதல் அனுமதி, அதுவும் கொஞ்சூண்டு. முதல் பேச்சு உங்களோடுதான் என்று வைத்திருந்தேன். மூன்று வார்த்தை பேசினேன், மீதியைச் சிரித்துச் செலவழித்துவிட்டேன். நீங்கள் திரும்பக் கூப்பிட்டபோது என் பங்கு தீர்ந்துவிட்டது, மணி அடிக்க அடிக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனேன். சிலேட்டை எடுத்துப் போகவில்லை. "என் பஸ்ஸ எனக்குக் குடுங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பழைய குரல் இல்லை, கனமாக, அடியிலிருந்து வருகிறது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கதவுக்கு வெளியே கோஹாரு குதித்த சத்தம் கேட்டது. ஏப்ரல் முதல் வாரம் புது வழித்தடத்தின் முதல் வண்டி, டிரைவர் ககேயாமா, மைக் என் கையில். பாதியைக் கோஹாரு பேசுவாள், தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் கட்டளை. முன் சீட் இரண்டு உங்களுக்கும் அண்ணிக்கும் எழுதிவிட்டேன்.

அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். டாக்டர் சொன்னால் எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று தோன்றும். பயிற்சி அம்மா சொன்னால் அது அவள் வேலை. நீங்களே 'நல்ல குரல் சிகுசா' என்று எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், அண்ணன் அல்லவா. நீங்கள் நான் யாரென்றே தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, இவ்வளவு நல்ல தொண்டை என்று சொன்னீர்கள். திருடனுக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை அண்ணா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன்.

உங்கள் சிகுசா